மூன்றாம் நம்பர் பைப்

சோலார் போட்ட வீட்டில் முதலில் கெடுவது பேனல் இல்லை, பைப். பேனல் கண்ணாடியைப் போர்த்திக்கொண்டு இருபது வருஷம் மொட்டைமாடியில் மல்லாந்து கிடக்கும். அதிலிருந்து வயரைச் சுமந்துகொண்டு, கைப்பிடிச் சுவரில் ஏறி இறங்கி, மூலைக்கு மூலை வளைந்து கீழே வருகிற பைப் இருக்கிறதே, அதற்குத்தான் ஊரிலுள்ள பகையெல்லாம். கோவில்பட்டி வெயில் மூன்று கோடையில் அதை அப்பளமாகப் பொரித்துவிடும். அணில் அதில் பல் தீட்டும். காக்கை கூட்டுக்கு மெத்தை போட அதன் தோலை உரிக்கும். பிறகு ஒரு மழை போதும்.

அப்படி ஒரு மழை பெய்த மறுநாள்தான் தையல்கூடத்து மாடி பற்றிக்கொண்டது. கீழே தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் புகையில் மூச்சடைத்து இறந்துபோனார்கள். எல்லா மாடியிலும் பேனல் கட்டாயம் என்று சட்டம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. ஊருக்கெல்லாம் பேனல் மாட்டிக் கொடுத்தது கரிசல் சூரியமின் கூட்டுறவுச் சங்கம். அங்கே எந்தப் பொருளை வாங்கலாம் என்று சோதித்துச் சொல்லும் வேலை உலகம்மைக்கு. ஒரு ஸ்க்ரூ வாங்குவதாக இருந்தாலும் அதை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயப்போட்டு, மறுபடி ஊறப்போட்டுப் பார்த்த பிறகுதான் சரி என்பாள். சங்கத்தில் அவளுக்கு ‘ஊறுகாய்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவளுக்கும் தெரியும்.

இரண்டு சாவுக்குப் பிறகு சங்கத் தலைவர் குருநாதன் மேஜைமேல் மூன்று பைப் துண்டுகளை வரிசையாக வைத்தார். முதலாவது எல்லோரும் போடுகிற பிளாஸ்டிக் பைப். மலிவு, பூனைக்குட்டி மாதிரி சொன்னபடி வளையும், ஆயுசு குறைவு. இரண்டாவது உள்ளே இரும்புச் சுருள், மேலே பிளாஸ்டிக் தோல். அணில் பல் உள்ளே இறங்காது. ஆனால் மேல்தோல் உரிந்தால் இரும்பு துருப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவதைக் கோயம்புத்தூரிலிருந்து சிவநேசன் என்பவர் கொண்டுவந்திருந்தார்.

“சாதாரணப் பைப்பாட்டத்தான இருக்குன்னு பாக்கறீங்க” என்றார் அவர். “நம்ம கண்ணுக்கு அப்படித்தானுங்க. நமக்குத் தெரியாத நிறம் ஒண்ணு இருக்குது. உள்ள ஓடற கரண்டுல ஒரு சொட்டை எடுத்து, இந்த மேல்தோல் அந்த நிறத்துல மினுங்கும். அணிலு கண்ணுக்கு அது நெருப்பாட்டத் தெரியுமுங்க. கிட்டவே வராது.”

“பறவைக்கு?” என்று உலகம்மை கேட்டாள்.

“அதுக்கும் நெருப்புதானுங்க. மாடியே எரியற மாதிரி இருக்கும். காக்காகூட கொத்தாது.”

“நல்லது” என்றாள் உலகம்மை.

மற்றதையும் விடாமல் கேட்டாள். சூடு உண்டா? கிடையாது. மனுஷருக்குக் கெடுதல்? இல்லை. வெயில் இல்லாதபோது? பேனலில் கரண்டு வராது, பைப்பும் மினுங்காது. சுவிட்சை அணைத்தால்? உடனே அணையாது, கொஞ்ச நேரம் கனன்று அடங்கும். துண்டைத் தன் வழக்கப்படி ஊறப்போட்டாள், காயப்போட்டாள். சங்கத்து மாடியில் ஒரு கோடை முழுக்க ஓட விட்டாள். அணில் இரண்டு முறை சுவரேறி வந்து, பார்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. காக்கை அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நம்பரை வாங்கலாம் என்றாள். ஊர் முழுக்க அந்தப் பைப் ஏறியது. அதற்குப் பெயரே மூன்றாம் நம்பர் பைப் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கோவில்பட்டியில் ஒரு மாடிகூடத் தீப்பிடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. அவள் வீட்டிலும் அமாவாசைக்கு விரதம் உண்டு. காக்கைக்குச் சோறு வைக்காமல் யாரும் வாயில் பச்சைத்தண்ணீர் விடமாட்டார்கள். முதல் பிடியை மாடிச் சுவரில் வைத்து, இறந்துபோன மாமியாரை நினைத்துக் ‘கா, கா’ என்று அழைப்பதும் அவள்தான். ஆனாலும் அவளுக்கு அலுவலகத்துக் காக்கை வேறு, வீட்டுக் காக்கை வேறு. அது பைப்பை உரிக்கிற சனியன், இது பசியாற வருகிற மாமியார். இரண்டும் ஒரே பறவைதான் என்பது அவள் தலைக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை. சங்கத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

முதல் அமாவாசைகளில் காக்கை சோறெடுக்க வராததை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் என்றார்கள், செல்போன் டவர் என்றார்கள். காக்கை ஊரைவிட்டே போயிருந்தால் அப்படியே விட்டிருப்பார்கள். அது போகவில்லை. எதிர் வேப்பமரத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, வைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் தலையைச் சாய்த்துக் கேட்டது. இறங்க மட்டும் மாட்டேன் என்றது. வராத விருந்தாளியை மறந்துவிடலாம், வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மறுக்கிறவரை என்ன செய்வது?

திதிச் சோற்றைக் காக்கை எடுக்காவிட்டால் இறந்தவருக்கு மனக்குறை என்று அர்த்தம். வீட்டார் ஒவ்வொருவராக இலைக்கு முன்னால் வந்து, இன்னது செய்கிறேன், ஏற்றுக்கொள் என்று சத்தியம் செய்வார்கள். எந்தச் சத்தியத்துக்குக் காக்கை இறங்குகிறதோ அதுதான் குறை. முன்பெல்லாம் ஓரிரு சத்தியத்தில் காரியம் முடிந்துவிடும். இப்போது சத்தியத்துக்குமேல் சத்தியமாக ஏறிக்கொண்டே போனது. பாரதி நகரில் ஒருவர் குடியை விட்டார். அவர் மனைவி அந்தக் காக்கைகளுக்குத் தினமும் கும்பிடு போட்டாள். இரண்டு அக்கா தங்கைகள் பழைய சண்டையை மறந்து பேச ஆரம்பித்தார்கள். பசுவந்தனை ரோட்டில் ஒரு வீட்டில் என்ன சொல்லியும் காக்கை வரவில்லை. கடைசியில் தகப்பன், மகள் முத்துக்கனியைக் காலேஜிலிருந்து நிறுத்தி, செத்துப்போன தன் அக்காளின் மகனுக்கே கட்டிவைப்பதாகச் சொன்னார். அந்த நேரம் மேகம் ஒன்று வெயிலை மறைத்தது. காக்கை வந்து எடுத்தது. அந்த மாதமே கல்யாணம் நடந்தது.

உலகம்மைக்கு விஷயம் பிடிபட்டது ஒரு காலை நேரத்தில். பேனல் கழுவுவதற்காக ஒரு வீட்டில் சுவிட்சை அணைத்திருந்தார்கள். அவள் மேற்பார்வைக்குப் போயிருந்தாள். மாடியில் காயப்போட்டிருந்த வடகத்தில் நாலைந்து காக்கைகள் இறங்கிக் கொள்ளையடித்தன. வீட்டுக்காரர், ஒரு வருஷமாகத் தலைகாட்டாத கழுதைகள் வடகத்துக்கு மட்டும் வருதுகள் பார் என்று கம்பை எடுத்தார். வேலை முடிந்து சுவிட்சைப் போட்டதும், கம்பு படுவதற்கு முன்பே அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன. உலகம்மை அங்கேயே ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

குருநாதனிடம் சொன்னாள். அவர் அவளை அதட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். தையல்கூடத்தில் செத்த இரண்டு பெண்களையும் தூக்கிக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றியவர் அவர்.

“எம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. காக்கா வராம யாராவது செத்தாங்களா?”

“இல்ல அண்ணாச்சி.”

“பைப்பு எரிஞ்சு செத்தாங்க. நீ இதை வெளிய சொன்னா, நாளைக்கே ஆளாளுக்கு அறுத்து எறிஞ்சுட்டுப் பழைய பைப்பை மாட்டிக்கிடுவாங்க. அடுத்த மழைக்கு யாரு வீடு? உன் வீடா, என் வீடா?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். வாயை மூடிக்கொண்டாள். தன் வீட்டில் மட்டும் அமாவாசைக்குச் சோறு வைக்கப் போகும்முன் மாடிப்படிக் கூண்டில் இருக்கும் சிவப்புச் சுவிட்சைத் திருகி அணைத்துவிட்டு, கனல் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு இலையோடு போவாள். காக்கை உடனே வந்துவிடும். மாமனார் ஆவுடையப்பன், மூத்த மருமகள் கைராசி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் அப்போது ஒரு துக்கமும் இருந்தது. உலகம்மையின் கொழுந்தன் பரமன், நாலுவழிச் சாலையில் லாரி மோதி இறந்து வருஷம் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் மனைவி மலையரசி பாலிடெக்னிக் படித்தவள். ஓசூரில் பேட்டரித் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தங்க இடம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் எல்லாம் அங்கேயே உண்டு. திதி முடிந்த வாரத்தில் போய்ச் சேர வேண்டும். மாமனாருக்கு அதில் சம்மதம் இல்லை. கடுமையான மனுஷர் ஒன்றும் இல்லை அவர். தீப்பெட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மாரடித்து ஃபோர்மேனாக ஓய்வுபெற்றவர். மருமகளை அவர் குரல் உயர்த்திப் பேசியதுகூட இல்லை. பரமனின் நாலு வயது மகள் வீட்டுக்குள் ஓடுகிற சத்தத்தில்தான் தன் உசிர் நிற்கிறது என்று மட்டும் சொல்வார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அதற்கு எதிராக வாதம் செய்ய யாரால் முடியும்? திதி அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று எல்லோரும் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

திதிக்குச் சொந்தக்காரர்கள் நேரத்திலேயே வந்துவிட்டார்கள். மாமனாரின் தங்கை சொர்ணத்தாய் வரும்போதே பசியோடு வந்தாள். வடை வேகவில்லை, பாயசத்துக்கு இனிப்பு போதாது என்று உலகம்மையை அடுப்படியை விட்டு நகர விடவில்லை. இலையைக் கொண்டுபோகும்போது சொல்லுங்கள், நான் முன்னால் போகிறேன் என்று உலகம்மை இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் எண்ணெய்ச் சட்டியில் கடைசி ஈடு கிடந்த நேரம், ஆவுடையப்பன் தானே இலையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு படியேறி ஓடியபோது கூட்டம் முழுக்க மேலே நின்றது. இலை கைப்பிடிச் சுவரில் இருந்தது. உச்சிவெயில். பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. சத்தியம் ஆரம்பமாகியிருந்தது.

“உன் பைக்க விக்க மாட்டேன்டா” என்று ஆவுடையப்பன் இலையைப் பார்த்துச் சொன்னார். “தொடச்சு வச்சிருக்கேன்.”

காக்கை இறங்கவில்லை. சொர்ணத்தாய் முன்னால் வந்து, உன் மகளுக்குக் காதுகுத்துக்குக் கம்மல் நான் போடுகிறேன் என்றாள். அதற்கும் இல்லை. உலகம்மையின் கணவன் சிதம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, புகையிலையை விட்டுவிடுகிறேன் தம்பி என்றான்.

“நீ விட்டா அவனுக்கு என்னடே வருது?” என்றாள் சொர்ணத்தாய். “உன் பல்லுக்கு நல்லது.” ஒன்றிரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

உலகம்மை மெல்ல நகர்ந்து மாடிப்படிக் கூண்டுக்குள் போனாள். கை சுவிட்சில் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்தச் சுவிட்சின் கனம் உறைத்தது. இனி எப்போது திருகினாலும், திருகுவதற்குமுன் கடைசியாக எவர் என்ன சொன்னாரோ அதுவே பரமன் கேட்டது என்று ஆகிவிடும். செத்தவன் என்ன நினைக்கிறான் என்பதை இப்போது அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பைப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு கோடை எடுத்துக்கொண்டவள் அவள். இதற்கு அவ்வளவு நேரம் இல்லை. கணவன் சொன்ன புகையிலையோடு முடிந்துபோகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டாள்.

அதற்குள் வெளியே சொர்ணத்தாய் சொல்லிவிட்டாள்: “கேக்க வேண்டியவ கேக்கலியே. அவனுக்கு வேற என்ன குறை? பொண்டாட்டி பிள்ள ஊரு தேசம் போகப்போகுதேங்கிற குறைதான்.”

எல்லோரும் மலையரசியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் மட்டும் பார்க்கவில்லை. மலையரசி இலையை நோக்கி நடந்தாள்.

உலகம்மை சுவிட்சைத் திருகினாள். ‘டொக்’ என்றது. காக்கை இப்போதே, இவள் வாயைத் திறக்கும் முன்பே இறங்கிவிடும் என்று வேப்பமரத்தைப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அணைத்தாலும் கொஞ்ச நேரம் கனலும் என்பது, அமாவாசைதோறும் அதற்காகக் காத்திருந்தவளுக்கு, அந்த அவசரத்தில் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

“நான் போகல” என்று மலையரசி இலையிடம் சொன்னாள். “ஓசூருக்குப் போகல. பிள்ளையும் இங்கதான் இருக்கும். எடுத்துக்கிடுங்க.”

கனல் அடங்கியது. வேப்பமரத்திலிருந்து மூன்று காக்கைகள் இறங்கி இலையில் உட்கார்ந்தன.

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். என் மகன் ஏற்றுக்கொண்டான், ஏற்றுக்கொண்டான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொர்ணத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மலையரசி அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்திக்கு இலை போட வேண்டும் என்று படியைப் பார்த்து நடந்தாள். கூண்டுக்குள் நின்ற உலகம்மையைக் கடந்துதான் அவள் கீழே போக வேண்டும்.

“நில்லு” என்று உலகம்மை அவள் கையைப் பிடித்தாள். பிறகு மாமனாரைக் கூப்பிட்டு, காக்கை வந்தது நான் சுவிட்சை அணைத்ததால் என்றாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. நின்ற இடத்திலேயே வரிசையாகச் சொன்னாள்: பைப், அதன் தோல், நம் கண்ணுக்குத் தெரியாத நிறம், காக்கையின் கண்ணுக்கு எரிகிற மாடி, அமாவாசைதோறும் தான் திருகிய சுவிட்ச், தன் கைராசி.

“காரியம் நடக்குற இடத்துல சுவிட்சு கிவிட்சுன்னுக்கிட்டு” என்றாள் சொர்ணத்தாய். “ஓரகத்திக்காக வக்காலத்து வாங்குதா.”

ஆவுடையப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். இயந்திரத்தைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் அவர் முகம் மாறிவிடும். பழைய ஃபோர்மேன் வந்துவிடுவார்.

“போடு தாயி, பாப்போம்” என்றார்.

உலகம்மை சுவிட்சைப் போட்டாள். இரண்டு காக்கைகள் தூக்கியெறிந்ததுபோல எழும்பி வேப்பமரத்துக்குப் போயின. மூன்றாவது போகவில்லை. தலையைத் தூக்கி ஒருமுறை சுற்றிலும் பார்த்தது. பிறகு குனிந்து பருப்புச் சோற்றைக் கொத்தியது.

சொர்ணத்தாய் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“நெருப்புன்னியே” என்றார் ஆவுடையப்பன், மெதுவாக. “நெருப்புக்குள்ளயா நின்னு சாப்பிடுதான்?”

உலகம்மை அந்தக் காக்கையைப் பார்த்தாள். அது சோற்றை விழுங்க வாயைத் திறந்தபோது உள்ளே சிவப்பாக இருந்தது. வளர்ந்த காக்கைக்கு உள்வாய் கறுத்துவிடும். இது இந்த வருஷத்துக் குஞ்சு. மூன்றாம் நம்பர் ஊர் முழுக்க ஏறிய பிறகு பிறந்தது. கூட்டிலிருந்து முதன்முதலாக எட்டிப் பார்த்தபோதே எல்லா மாடியும் எரிந்துகொண்டிருந்திருக்கும். எரியாத மாடி ஒன்று உலகத்தில் உண்டென்றே அதற்குத் தெரியாது. பின்னே அது எதற்குப் பயப்பட வேண்டும்? இதைச் சொல்ல உலகம்மை வாயைத் திறந்தாள்.

மலையரசி முந்திக்கொண்டாள்.

“மாமா, அக்கா சொல்லுறது நெசம்னா, நான் பண்ணுன சத்தியத்தை அவுக கேக்கவே இல்ல, சுவிட்சுதான் கேட்டுச்சு. நெசமில்லன்னா, அந்தா, எதிர்லதான் நிக்காக. அவுககிட்டயே கேட்டுருதேன்.”

இலைப்பக்கம் போனாள். காக்கை நகரவில்லை.

“நான் ஓசூருக்குப் போறேன். பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன். லீவுக்கு லீவு கொண்டாந்து மாமா மடியில விடுவேன். சம்மதம்னா எடுங்க.”

காக்கை வடையைப் பார்த்தது. ஒரு காலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிய்த்துப் பிய்த்துத் தின்றது. முழுவதையும் தின்றுவிட்டு, சுவரோரமாக இரண்டு தத்தல் தத்திப்போய், மூன்றாம் நம்பர் பைப்பில் அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டது.

உலகம்மை திறந்த வாயை மூடிக்கொண்டாள். பாதி உண்மைதான் சொல்லியிருந்தாள், மீதியைச் சொல்லவில்லை.

ஆவுடையப்பன் வெகுநேரம் அந்தக் காக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல், “எல்லாரும் சாப்பிட வாங்க” என்றார்.

விஷயம் சொர்ணத்தாயின் வாய்வழியாக ஊருக்குள் போனது. ஒரு தெருவில் பைப்பின் கதையாகவும், அடுத்த தெருவில் நெருப்புக்குள் நின்று சாப்பிட்ட பரமனின் கதையாகவும் போனது. இரண்டையும் அவள் ஒரே நம்பிக்கையோடுதான் சொன்னாள். சங்கத்து வாசலில் கூட்டம் கூடியது. குருநாதன் சொன்னபடியே சிலர் பைப்பை அறுத்து எறிந்தார்கள்; சங்கத்து ஆட்கள் வீடு வீடாக ஓடி வயரை மூடிவிட்டு வந்தார்கள். குடியை விட்டவர் அன்று சாயங்காலமே மறுபடி ஆரம்பித்தார். பேச ஆரம்பித்த அக்கா தங்கைகள் மட்டும், நின்றுபோன சண்டைக்கு இனி எங்கே போவது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் பசுவந்தனை ரோட்டு முத்துக்கனி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. உலகம்மையின் மேஜைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எங்கப்பா மொதல்ல கோயிலுக்கு மணி வாங்கித் தாரேன்னுதான் சொன்னாரு” என்றாள். “அப்பமே மேகம் வந்திருந்தா, மணியோட போயிருக்கும் இல்லயா அக்கா?”

உலகம்மை எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“சும்மா கேட்டேன்” என்றாள் முத்துக்கனி. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பைப்புக்காக உலகம்மையை வைய வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் முகமும் அவளுக்கு இப்போது ஞாபகமில்லை.

மலையரசியைப் பஸ் ஏற்றிவிட ஆவுடையப்பனும் வந்திருந்தார். பேத்திக்குக் கடலைமிட்டாய் வாங்க அவர் கடைக்குப் போன நேரத்தில், உலகம்மை தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“மலையரசி, அன்னைக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்தக் காக்கா...”

“குஞ்சு. வாய் சிவப்பா இருந்துச்சு” என்றாள் மலையரசி. “நானும் பாத்தேன்க்கா. எதுக்கும் பயப்படாதுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா வடையைப் பிய்க்கிற வரைக்கும் மனசுக்குள்ள அவுகளைக் கும்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். அது ஏன்னு தெரியல.”

மறுவாரம், உலகம்மை எழுதியனுப்பியதைப் படித்துவிட்டு, சிவநேசன் போன் செய்தார். குஞ்சுகள் பழகிப்போகும் என்று தங்களுக்கும் தெரியாமல் போய்விட்டது என்று வருத்தப்பட்டார். இனி கவலை வேண்டாம், மணிக்கொரு விதமாக நிறம் மாறி மினுங்குகிற பைப் வந்துவிட்டது, எந்தப் பறவையும் எந்தக் காலத்திலும் பழகவே முடியாது என்றார். எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

“அது வேண்டாம்” என்றாள் உலகம்மை. “இரும்புச் சுருள் வச்ச ரெண்டாம் நம்பர் எவ்வளவு இருக்கு?”

“அதுக்கு வருஷா வருஷம் ஒவ்வொரு மாடியா ஆள் ஏறிப் பாக்கோணுமுங்களே.”

“ஏறிக்கிடுதோம்.”

“காக்கா வந்து மேல்தோலை உரிச்சுப் போட்டுருமுங்க.”

“வருமா?”

“வராம பின்ன? நிச்சயமா வருமுங்க.”

“நல்லது” என்றாள் உலகம்மை.